பிந்திப் பேசும் ரேடியோ

“உன் டிஜிட்டல் ரேடியோ உன்னை மாதிரியே இருக்கு தில்லை. நல்லா யோசிச்சுட்டுத்தான் வாயைத் திறக்குது” என்றார் சதாசிவம். “உங்களுது?” என்றாள் அவர் மனைவி தில்லைநாயகி. “என் பழைய செட்டு என்னை மாதிரி. வந்ததை அப்படியே கொட்டிடும்.” இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சண்டை என்று எதுவும் வரவில்லை. பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் கூடத்திலும் அவள் உள்ளறையிலுமாக ஒரே கிரிக்கெட் வர்ணனையைத் தனித்தனியே கேட்டார்கள். அவளுடைய ரேடியோவில் அது சில நொடிகள் பிந்தித்தான் வரும். அவள் ஏரியலை நீட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். நிலையங்களைப் புதிதாகத் தேடவிட்டாள். தாமதம் போகவில்லை. டிஜிட்டல் என்றால் அப்படித்தான் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். கூடத்தில் அவர் “அடச்சே!” என்பார், அவள் ரேடியோவில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். விக்கெட் போய்விட்டது என்று தெரிந்துகொண்டே அவள் அந்தப் பந்துக்குக் காத்திருப்பாள். இன்று அவர் கைதட்டுவது கேட்டது. ஜெயித்துவிட்டார்கள் போலும். அவளுடைய ரேடியோவில் மைதானம் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷம் தன்னிடம் வந்து சேரும்வரை உட்கார்ந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அவர் இன்னும் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக நெஞ்சிலேயே வைத்திருந்ததை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “என்னங்க, என்னை எங்கண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க.”