செம்பு படாத தண்ணீர்

பூ விரியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவன், கண்ணாடித் தொட்டியின் முன் நின்றுவிட்டான். சிக்குன்குனியா. காய்ச்சல் போய்விட்டது, முட்டிவலி போகவில்லை.

தொட்டிக்குள் கடல். பாறை, பவளம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி, சிவப்பு முதுகுள்ள ஓர் இறால். நடுவில் கடல் சாமந்தி.

பேருக்குத்தான் சாமந்தி. பூ அல்ல, உயிர். வாய் உண்டு, பசி உண்டு, ரோஷமும் உண்டு. தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் சுருண்டுகொள்ளும்.

இப்போது ஒரு வெங்காயம் அளவுக்குச் சுருண்டிருந்தது.

மீன்கள் இரண்டும் அதன் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன, பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

திருநெல்வேலியில் கடல் கிடையாது. அதனால் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி அதற்கு வைத்த பெயர் சின்ன வீடு. "எங்க வீட்டுக்காரர் சின்ன வீட்ல இருக்காவ" என்று தெருவில் உரக்கச் சொல்லிவிட்டு, கேட்பவர் முகம் மாறும்வரை காத்திருப்பாள். இறாலைப் பார்க்கும்போதெல்லாம், "வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது" என்பாள்.

ஆனால் அவன் படுத்தபோது, சின்ன வீட்டைப் பெரிய வீடுதான் பார்த்துக்கொண்டது.

வேலை ஒன்றுதான். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு அப்படியே நிற்கும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும். காய்ச்சலில் முனகிக்கொண்டே சொல்லியிருந்தான். நல்ல தண்ணி ஊத்து. செம்பு படவே கூடாது.

"ஏளா, என்ன தண்ணி ஊத்துன?"

"நல்ல தண்ணிதான். ஒங்களுக்குக் குடிக்கக் குடுக்குற தண்ணி. அதவிட நல்ல தண்ணி இந்த வீட்ல ஏது?"

அடுக்களை வாசலைப் பார்த்தான்.

செப்புக்குடம். அவள் கல்யாணத்துக்கு வந்த சீர். ராத்திரி முழுக்கச் செம்பில் ஊறிய தண்ணீர் மூட்டுவலிக்கு நல்லது என்று மதினி சொன்னதிலிருந்து, பரணில் கிடந்ததை இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்து, தினமும் நிரப்பி வைக்கிறாள்.

"செம்பு படக்கூடாதுன்னேனே."

"படலியே! செம்புல மோந்து ஊத்துனா குபுக்குன்னு விழும், மீனு பயந்துரும்னுதான சொன்னிய? டம்ளர்லதான் ஊத்துனேன். ஒவ்வொரு டம்ளரா."

முகத்தில் அத்தனை பெருமை.

அவன் சொன்னது உலோகத்தை. அவள் கேட்டது பாத்திரத்தை.

அவர்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சொம்பு என்று சொல்லும் மெட்ராஸ்க்கார ஓரகத்தியை, "சொம்பாம்லா, சொம்பு" என்று அவள் கேலி செய்யாத தீபாவளி இல்லை.

செம்பில் ஊறிய தண்ணீர் மனிதனுக்கு மருந்தோ என்னவோ, சாமந்திக்கு நஞ்சு. இறாலுக்கும்.

இறால்.

தொட்டிக்குள் கைவிட்டுப் பாறைக்குப் பின்னால் துழாவினான். ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து விரல்களை மூடிக்கொண்டான்.

கோபம் வரவேண்டிய இடம். வந்தது. திரும்பினால் அவள் கை கண்ணில் பட்டது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி எல்லாம் வெடித்திருந்தது. அவனுக்காகத் தேய்த்தது. அவனுக்குக் கொடுத்ததில் சின்ன வீட்டுக்கும் பங்கு வைத்திருக்கிறாள். எந்தப் பெரிய வீடு வைக்கும்?

"உப்புதான் கூடிப்போச்சு. நாந்தான் அளவு தப்பாப் போட்டிருப்பேன். காய்ச்சல் வார நேரம்லா."

அவள் அவனைப் பார்த்தாள். மூடியிருந்த கையைப் பார்த்தாள். அவன் கண் போய்வந்த இடத்தில் குடத்தைப் பார்த்தாள்.

"பொழைக்குமா?"

"தண்ணிய மாத்திப் பாப்போம்."

வாளியைத் தூக்க அவனுக்குத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள்தான் செய்தாள். தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துக் கொட்டினாள். சுத்திகரித்த தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து உப்புப்பொடி கரைத்தாள். நஞ்சை உறிஞ்சும் கரித்துண்டுப் பையைத் தொங்கவிட்டாள். சாயங்காலம் மறுபடியும் இறைத்தாள். புடவை முழுக்க உப்பு.

வழக்கமாக இதற்குள் சின்ன வீட்டை நாலு வசவு வைதிருப்பாள். இன்று கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, "விரிஞ்சுரு, தாயி" என்றாள். அவனுக்குக் கேட்கும் என்று நினைக்கவில்லை.

காலையில் கண் விழித்தபோது செப்புக்குடம் அவன் தலைமாட்டில் இருந்தது. அடுக்களையைவிட்டு, தொட்டியைவிட்டு, எவ்வளவு தூரம் கொண்டுவர முடியுமோ அவ்வளவு தூரம்.

கூடத்துக்குப் போனான். அவள் முன்பே அங்கே நின்றிருந்தாள்.

சாமந்தி முழுதாக விரியவில்லை. ஓர் ஓரத்தில் கொஞ்சம் விரல்களை நீட்டியிருந்தது. அந்த ஓரத்தில் மீன் ஒன்று உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மற்றது இடம் கிடைக்கக் காத்திருந்தது.

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறால் எங்கே என்று கேட்கவில்லை.

கட்டிலுக்குத் திரும்பக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவன் ராத்திரி குடித்துவிட்டு வைத்த பாத்திரம் ஜன்னலோரம் காலியாக இருந்தது.

குடத்துப் பக்கம் குனிந்தபடி, திரும்பாமல் கையை மட்டும் நீட்டினாள்.

"அந்தச் சொம்ப எடுங்க."

எடுத்துக் கொடுத்தான்.