பழைய நம்பருக்கே போகுது

எனக்குத் துரோகம் செய்தது என் மகள் வேல்விழி. ஒரு வார்த்தை சொல்லாமல், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் மணிமுத்துவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போனவள் செல்போனையும் கொண்டுபோய்விட்டாள். வடகரை பால் சங்கத்தில் என் பெயருக்கு அந்த நம்பர்தான். காலையில் நான் பால் ஊற்றினதும் அவளுக்கு மெசேஜ் போகும். என் மாட்டுப் பால் விவரம் அவளுக்கு எதற்கு?

புது போன் வாங்கி, நம்பரை மாற்றச் சொன்னேன். செயலாளர் சிவசைலம் மாற்றினார். 'மாற்றப்பட்டது' என்று கம்ப்யூட்டரில் வந்தது. மறுநாளும் மெசேஜ் அவளுக்கே போனது. திரும்ப மாற்றினார். திரும்பவும் அவளுக்கே.

"ஏன்வே, அவகிட்ட ஏதும் வாங்கித் தின்னுட்டீரா?"

"என்னைய ஏன் வையுதீய அண்ணாச்சி? மாத்தியாச்சுன்னுதான மெசின் சொல்லுது!"

கடைசியில், புரோகிராம் எழுதிய ஷாரோனைத் தென்காசியிலிருந்து வரவழைத்தார். அந்தப் பிள்ளை விடியவே வந்து, மெசேஜ் போவதை நிறுத்திவைத்துவிட்டு வரிவரியாகப் பார்த்தது.

"தப்பு என் மேலதான் அண்ணாச்சி. மாத்தச் சம்மதமான்னு முதல்ல பழைய நம்பருக்குக் கேட்டுப் போவும். அவங்க சம்மதம்னு அமுக்கினாத்தான் மாறும். அமுக்காட்டாலும் மாறிட்டுன்னு காட்டுதமாதிரி எழுதித் தொலைச்சிட்டேன்."

"அப்ப அவதான் அமுக்கலையா? பாத்தீராவே! போயும் என்னைய விடமாட்டேங்கா கழுத!"

"அவங்களைக் கேக்காமலே மாத்திரவா?"

"மாத்து தாயி."

அப்போது சங்கத்து போன் அடித்தது. சிவசைலத்துக்குக் கையெல்லாம் பால். ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சித்தப்பா, வேல்விழி பேசுதேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னைக்கு அப்பா பால் மெசேஜ் வரலையே. நல்லாத்தான இருக்காரு? தனியாக் கெடக்காரு சித்தப்பா. அது வந்தாத்தான் அப்பா எந்திரிச்சு நடமாடுதாருன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் வீட்டுல போய்ப் பாருங்களேன்..."

அழுகிறாள்.

ஷாரோன் மெதுவாகக் கேட்டது: "அண்ணாச்சி, மாத்திரவா?"

"வேண்டாம் தாயி. மெசேஜைத் திறந்துவிடு."

சிவசைலம் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லாமப் போனதை நான் மறக்கலைன்னு சொல்லும்வே. அதுக்கு அவ நேர்ல வந்து பதில் சொல்லணும். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்து சொல்லணும்."