பதினோரு மாதப் பிள்ளைத்தாய்ச்சி

"ரெங்கம்மா, உனக்கு இது எத்தனையாவது மாசம்?"

பதுளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆளுக்கொரு கரண்டி மீனெண்ணெய் ஊற்றுவார் தோட்டத்து மருந்துக்காரர் சின்னராசா.

"ஒம்பதுங்க, டாக்டரய்யா."

"போன மாசமும் ஒம்பது. அதுக்கு முந்தின மாசமும் ஒம்பது!"

வரிசையே குலுங்கிச் சிரித்தது.

"இந்தக் குளிருல நானா இருந்தாலும் வெளிய வரமாட்டேன்டி," என்றாள் ஒருத்தி.

சின்னராசா சிரிக்கவில்லை. "இந்த எண்ணெய்க்குள்ள வைட்டமின்னு ஒண்ணு இருக்கு. தாய் குடிச்சாத்தான் பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படும்."

"அது கண்ணுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

"அப்ப நம்ம ரெங்கம்மா புள்ள மாதிரிதான்!"

மறுபடியும் சிரிப்பு.

மற்ற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விழுங்குவார்கள். ரெங்கம்மா மட்டும் சிரட்டையில் வாங்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடுவாள்.

"எங்கேயோ விக்கிறா. இன்னைக்குக் கையும் களவுமாப் புடிக்கிறேன்," என்று பின்னாலேயே போனார் சின்னராசா.

லயத்து அறைக்குள் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மாதக் குழந்தை. சிரட்டை அவள் வாயில்.

ரெங்கம்மா காலில் விழுந்தாள்.

"என் தங்கச்சிங்க. மாசமா இருந்தப்ப, பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல அடி தாங்காம ஓடியாந்துட்டா. அந்தத் தோட்டத்துல பேரு வெட்டிக் குடுத்த சீட்டு இல்லாம இங்க பேரு பதிய மாட்டாங்க. தொரைக்குத் தெரிஞ்சா விரட்டிருவாரு. பேரு இல்லாதவளுக்கு எண்ணெய் ஏதுங்க? அதான் நான் வயித்துல துணியச் சுத்திக்கிட்டு வந்து நின்னேன்."

சின்னராசா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டார். அது கழுத்தை நிமிர்த்தி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது. அதன் கால்களைத் தடவிப் பார்த்தார். நல்ல உறுதி. தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி அழகையா சத்தமாகக் கேட்டார்.

"என்னங்க டாக்டரய்யா, நேத்து அவ பின்னால போனீங்களே? பொய்ன்னா சொல்லுங்க, இப்பவே பேர வெட்டிருவோம்."

ரெங்கம்மா வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

சின்னராசா கரண்டியை எடுத்தார்.

"நல்லா சோதிச்சுப் பாத்துட்டேன், கங்காணி. பிள்ளை பொறக்க இன்னும் ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவளுக்குத் தினமும் ரெண்டு கரண்டி!"