தேவைப்பட்டால் கூப்பிடுவோம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள். படித்த பெண் ஒருத்தியின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். உலையில் போட்ட அரிசி வேகிறதுக்குள் முடிந்துவிடும்.

ஊரப்பாக்கத்து ரேணுகா அன்றைக்கு மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீனவர் குப்பத்துக்குப் போகிற மணல் பாதையில் நடந்தாள். ஒரு கையில் மைசூர்பாகு பெட்டி. இன்னொரு கையில் தங்க எழுத்துப் போட்டு பைண்டு பண்ணின தடிப் புத்தகம்.

புத்தகம் அவளே எழுதினது. எம்.ஏ. படிப்புக்கான ஆய்வு.

அவளுடையது ஊசி போடக் கற்றுக்கொடுக்கிற படிப்பு இல்லை. ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் ஏன் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று, அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற படிப்பு.

போன ஆடி மாதம் முழுக்க இந்தக் குப்பத்தில்தான் கேட்டாள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் நோட்டு, பக்கத்தில் ரெக்கார்டர். பதினாறு பெண்கள். எங்கே வலி, எத்தனை நாளாக, யாரிடம் முதலில் சொன்னாய், யார் வேண்டாம் என்றார்கள்.

அப்படி யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. கட்டினவன் கேட்டதில்லை, பெற்ற பிள்ளை கேட்டதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

கருவாடு போடுகிற அம்சா தன் உள்ளங்காலைத் திருப்பியே காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண், ஐந்து ரூபாய்க் காசு அளவு. சர்க்கரை வியாதிக்காரி.

உடனே போய்க் காட்டுங்கம்மா என்று ரேணுகாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். நாம் புத்தி சொன்னால் அவர்கள் நமக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், கேட்பது மட்டும்தான் நம் வேலை என்று வாத்தியாரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அதனால் புண்ணின் அளவை எழுதிக்கொண்டாள். படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். போன் நம்பர் வாங்கினாள். படிவத்தின் கடைசி வரியை எல்லோருக்கும் போலவே அவளுக்கும் வாசித்துக் காட்டினாள். தேவைப்பட்டால் உங்களை மறுபடியும் கூப்பிடுவோம்.

இப்போது சித்திரை வெயில். அம்சா மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரேணுகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்திருக்கவில்லை.

"வா பாப்பா. இன்னா இப்டி எளச்சிப் போய்ட்ட? உங்கம்மா தட்டுல சோறு போடறாங்களா, புக்கு போடறாங்களா?"

ரேணுகா சிரித்துக்கொண்டே பெட்டியை நீட்டப் போனாள். சர்க்கரைக்காரிக்கு மைசூர்பாகு வாங்கி வந்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தாள்.

அம்சா சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். கனம் பார்த்தாள். தங்க எழுத்தைத் தடவினாள். அவளுக்குப் பெயரெழுதத் தெரியும், படிக்க வராது.

"என் காலுக்கு இன்னா போட்டிருக்குது இதுல?"

ரேணுகாவுக்குப் புரியவில்லை.

"தேவப்பட்டா கூப்புடறோம்னு நீதான சொன்ன. கூப்புடல. சரி, பெருசா ஒண்ணும் இல்ல போலன்னு நாங்க பாட்டுக்கு இருந்துட்டோம். நடுவுல நர்சம்மா கூட வூட்டாண்ட வந்து கேட்டாங்க. படிச்ச பொண்ணு ஒண்ணு எல்லாத்தயும் எழுதிகினு போயிருக்குது, அவுங்க பாத்துப்பாங்கன்னு அனுப்பிட்டேன்."

பேசிக்கொண்டே புடவையை ஒதுக்கிக் காலை வெளியே எடுத்தாள். துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, ஈரம் படாமல் சணல் கட்டியிருந்தது. கட்டுக்கு மேலே கணுக்கால் வரை கறுத்திருந்தது.

ஒன்பது மாதம். அந்தக் காலைப் பற்றி ரேணுகா நாலு பக்கம் எழுதியிருந்தாள். அந்த நாலு பக்கத்தைத்தான் ஆய்வுக்கு மார்க் போட வந்த பேராசிரியர்கள் தனியாக எடுத்துப் பாராட்டினார்கள்.

அம்மா, நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அம்சா சந்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டாள்.

"அடியே பூவாயி, அந்தப் பொண்ணே நேர்ல வந்துகீதுடி. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவத்தான் போல. துணி எடுத்துகினு வா. மத்தவளுங்களையும் கூப்புடு."

பூவாயி வந்தாள், அவளும் அந்தப் பதினாறு பேரில் ஒருத்தி. பின்னாலேயே ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். ஆளுக்கொரு பை. பையில் அவசரமாகத் திணித்த மாற்றுப் புடவை, சொம்பு, ஆதார் அட்டை. ஒருத்தி அந்த அவசரத்திலும் தலை வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

ரேணுகாவைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள். யார் பெயரை முதலில் சொல்லப்போகிறாளோ என்று அவள் வாயையே பார்த்தார்கள்.

கடைசியாக ஞானம்மாளின் மகள் பிரியங்கா வந்தாள். ஞானம்மாள், நெஞ்சை அடைக்கிறது என்று ரெக்கார்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினவள். மகள் கையில் பை இல்லை.

"அம்மா தை மாசமே தவறிட்டாங்கக்கா," என்றாள். பிறகு, கேட்பதே தப்போ என்பது போல மெல்லக் கேட்டாள். "அவுங்களுக்கு இன்னா போட்டிருந்திச்சி அதுல?"

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வலியை இரண்டாம் தடவை சொல்லும்படி ஆகாமல் இருக்கட்டும். சொல்கிற வாயும் கேட்கிற காதும் ஒரே கூரைக்குக் கீழே ரொம்ப காலம் நல்லபடியாக இருக்கட்டும். போங்கள், சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.