மெரின் போட்ட டிக்

பள்ளிக் கவுன்சிலரின் அறையில், பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் மெரின் டிக் அடித்திருந்த குரூப்பைப் பார்த்ததும் அவளுடைய அப்பா யூஜின் கொதித்தார்.

"விவசாயமா? நானூத்தி எழுபது மார்க் வாங்கிட்டு மண்வெட்டி புடிக்கப் போறியா? பயாலஜிதான் எடுக்கணும்."

"காமர்ஸ் போதும். உங்க ஆசைய அவ தலையில கட்டாதீங்க" என்றார் அம்மா சகாயசெல்வி.

"உன்ன யாருடி கேட்டா?"

கவுன்சிலர் சிவசங்கரி இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெரினிடம் திரும்பினார். தனக்குப் பிடித்ததைத் துணிந்து கேட்கும் பெண் என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"செடி கொடின்னா அவ்ளோ இஷ்டமாம்மா?"

"இல்ல மிஸ்."

"ஊர்ல நிலம் இருக்கா?"

"இல்ல மிஸ். இங்கயே சாரம் ஏரியாவுல மாடி வீடு. தொட்டிச் செடிகூட கெடையாது."

"அப்புறம் ஏன் இந்த குரூப்?"

"இது காரைக்கால் ஸ்கூல்ல மட்டுந்தான் இருக்கு. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும்."

"அவ்ளோ தூரம் எதுக்கும்மா?"

வராந்தாவில் நாற்காலி ஒன்று கவிழும் சத்தம் கேட்டது. யூஜினின் கத்தலுக்கு மேல் சகாயசெல்வியின் குரல் ஏறியது.

மெரின் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க வரைக்கும் கேக்காது மிஸ்."