ஜன்னலோர மேஜை

கல்லூரிக் கலந்தாய்வில் சவரிமுத்துவும் மகள் ஜெசிந்தாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பொது பி.பி.ஏ.வுக்கு நேரே ‘வேலை உத்தரவாதம் இல்லை’ என்றிருந்தது. கிடங்கு நிர்வாகத்துக்கான சிறப்பு பி.பி.ஏ.வுக்கு, மூன்று வருடம் கழித்து வேலையில் சேரும் தேதியே போட்டிருந்தது.

“படிக்கிறதுக்கு முன்னாடியே எவன்மா வேலை தருவான்? இதுல ஏதோ உள்குத்து இருக்கு,” என்றார் சவரிமுத்து. டயர் கிடங்கில் இருபது வருடமாக மேற்பார்வையாளர். வலிய வருகிற எதையும் நம்பமாட்டார்.

“எல்லாத்துலயும் சந்தேகந்தானாப்பா? உக்கார்ற இடத்தையே காட்டுது, பாருங்க.” ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கினாள்.

ஜன்னலோர மேஜை. அதன் மூலையில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், சவரிமுத்து தன் மேஜையில் ஒட்டியது. ஜெசிந்தா அவருடைய கிடங்குக்கு வந்ததே இல்லை. அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு வருடம் இருந்தது.

“இவ பொதுப் படிப்பு எடுத்தா?” என்று திரையிடம் கேட்டார்.

“இந்தப் பணியிடம் வேறொரு மாணவருக்கு ஒதுக்கப்படும். பெற்றோர் சம்மதத்துக்குப் பெருவிரலை வைக்கவும்.”

அவர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார்.

“நாலு மணிக்கு மேல அந்த ஜன்னல்ல வெயில் மூஞ்சில அடிக்கும்மா,” என்றார். “சேந்ததும் ஒரு கர்ட்டன் கேட்டு வாங்கிக்க. எனக்குத் தரவே இல்ல.”