சிவந்த வெண்ணெய்

"வேலைக்குப் போகவே கூடாது" என்று தாம்தூம் எனக் குதித்த அப்பா, திடீரென்று இறங்கி வந்தார். "உன் மேனேஜரை நானே பாத்துப் பேசிட்டு வரேன். வெறுங்கையோட போனா நல்லாருக்காது. நீ செய்வியே, அந்த சாக்லேட் குக்கீஸ், அதைச் செஞ்சு குடும்மா."

வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த முதல் வேலை. விடுவேனா? வெண்ணெயை உருக்கிச் சிவக்க விட்டேன்.

"கருகுதுடி!" என்றாள் அம்மா.

"சிவந்தாத்தாம்மா வாசம்."

மாவும் சாக்லேட் துண்டுகளும் கொட்டிப் பிசைந்து, சுட்டு, டப்பா நிறைய அடுக்கிக் கொடுத்தேன். அப்பா புதுச் சட்டையில் கிளம்பினார்.

மாலையில் மேனேஜர் அழைத்தார்.

"குக்கீஸ் பிரமாதம்மா! உங்களுக்கு வேலையில விருப்பமில்லைன்னு அப்பா சொன்னார். பரவாயில்லை, வேற ஆளைப் போட்டுட்டோம். நேர்ல சொல்லத் தயங்கி, உங்க கையாலயே செஞ்சு அனுப்பினீங்க பாருங்க, அந்த மரியாதை யாருக்கு வரும்!"